'அல்லது' என்று எழுதினால் போதுமா?

ஆங்கிலத்தில் 'ஓ', 'ஆர்' என்னும் இரண்டே எழுத்துகளால் ஆன இணைப்புச் சொல் ஒன்று உண்டு. 'அண்ட்', 'பட்' ஆகியவற்றோடு சேர்த்து அதைத் தொடக்க வகுப்புகளிலேயே கற்பித்து முடித்துவிடுகிறோம். கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதி, பக்கத்தில் சமக்குறி போட்டு, 'அல்லது' என்று எழுதிவிட்டால் பாடம் முடிந்தது. பிறகு பத்தாம் வகுப்பு வரை அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. உயர்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுப்பவள் என்ற முறையில், அந்தச் சமக்குறி விளைவிக்கும் சிக்கல்களை ஒவ்வோர் ஆண்டும் விடைத்தாள்களில் பார்க்கிறேன். அவற்றில் சில மதிப்பெண்ணோடு முடிவதில்லை.

முதலில் ஒலிப்பைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் இச்சொல்லை 'ஆர்' என்றே உச்சரிக்கிறோம். 'தே ஆர் பிளேயிங்' என்பதில் வரும் 'ஆர்' உடன் அது ஒன்றாகிவிடுகிறது. சொல்வதெழுதுதல் நடத்திப் பாருங்கள், பாதிப் பிள்ளைகள் ஒன்றுக்கு மற்றொன்றை எழுதியிருப்பார்கள். ஆங்கில ஒலிப்புக்கு நெருக்கமானது 'ஓர்' என்பதே. வகுப்பில் நான் அப்படித்தான் சொல்கிறேன், இந்தக் கட்டுரையிலும் அப்படியே எழுதுகிறேன்.

இனி 'அல்லது' என்ற சொல்லைப் பார்ப்போம். நம் மாணவர்கள் வீட்டிலோ விளையாட்டுத் திடலிலோ அச்சொல்லைப் பேசிக் கேட்டிருக்கிறோமா? 'எனக்கு தோசை அல்லது இட்லி கொடு' என்று எந்தக் குழந்தையும் அம்மாவிடம் கேட்பதில்லை. அது எழுத்துத் தமிழின் சொல், வினாத்தாளின் சொல். பேச்சில் நாம் அந்த வேலையைச் செய்ய வேறு பல உருவங்களை வைத்திருக்கிறோம். 'டீயா காபியா?' என்று கேட்கிறோம். 'நீயாவது அவனாவது போங்க' என்கிறோம். 'வருவானோ மாட்டானோ' என்று ஐயப்படுகிறோம். 'சீக்கிரம் கிளம்பு, இல்லேன்னா பஸ் போயிடும்' என்று எச்சரிக்கிறோம். 'டீயும் வேண்டாம், காபியும் வேண்டாம்' என்று மறுக்கிறோம். 'நாலஞ்சு பேர் வந்தாங்க' என்று தோராயமாகச் சொல்கிறோம். இந்த ஆறு இடத்திலும் ஆங்கிலம் 'ஓர்' என்ற அந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சமாளிக்கிறது.

ஆகவே நம் மாணவனுக்குப் பொருள் தெரியாமல் இல்லை. அவனிடம் ஆறு நுட்பமான கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. நாம் அவற்றை வாங்கி வைத்துவிட்டு, அவன் பேசாத ஏழாவது ஒன்றைக் கையில் கொடுக்கிறோம். ஒன்பதாம் வகுப்புத் தமிழில் இடைச்சொல் பாடம் நடத்தும்போது 'ஓ', 'ஆ', 'உம்', 'ஆவது' எல்லாம் வருகின்றன. ஓகாரம் என்ற ஓரெழுத்துக்கு மட்டும் தொல்காப்பியம் ஆறு பொருள்களையும், நன்னூல் எட்டுப் பொருள்களையும் சொல்கின்றன. பக்கத்து வகுப்பில் தமிழாசிரியர் இவ்வளவு நுட்பமாகப் பிரித்துக் காட்டும் செல்வத்தை ஆங்கில வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது எனக்கு வீண் என்றே படுகிறது.

கேள்வியிலிருந்து தொடங்கலாம். 'டூ யூ வான்ட் டீ ஓர் காஃபி?' என்று கேட்டால் நம் மாணவர்களில் பலர் 'எஸ்' என்கிறார்கள். பிள்ளைக்கு ஆங்கிலமே தெரியவில்லை என்று கேட்பவர் முடிவு செய்துவிடுவார். மேல்படிப்புக்கான நேர்காணலிலோ முதல் வேலைக்கான நேர்காணலிலோ இந்த ஒரு 'எஸ்' அந்தப் பிள்ளையின் மதிப்பைச் சட்டென்று இறக்கிவிடும். உண்மையில் அந்த வாக்கியத்துக்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றன. இரண்டும் தாளில் ஒன்றுபோலவே இருக்கும், குரலில்தான் வேறுபடும். 'டீ' என்னும்போது குரல் ஏறி, 'காஃபி' என்னும்போது இறங்கினால் அது 'டீயா காபியா?' என்ற கேள்வி. இரண்டில் ஒன்றைச் சொல்ல வேண்டும், 'எஸ்' என்பது பதிலாகாது. இடையில் எங்கும் இறங்காமல் கடைசியில் மட்டும் குரல் ஏறி நின்றால் 'டீ, காபி ஏதாவது வேணுமா?' என்று பொருள். இதற்கு 'எஸ், ப்ளீஸ்', 'நோ, தேங்க்ஸ்' இரண்டுமே சரியான பதில்கள்.

தமிழில் இந்த வேறுபாட்டைச் சொல்லே சுமக்கிறது. 'ஆ' இரண்டு தடவை வந்தால் ஒருவகை, 'ஏதாவது' வந்தால் இன்னொரு வகை. ஆங்கிலத்தில் குரல்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. அதனால் இதைக் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க முடியாது, வாயால்தான் முடியும். தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு இதில் மிக எளிய விளையாட்டு ஒன்று கிடைக்கிறது. ஒரு கையில் சாக்பீஸ், மறுகையில் பென்சில். 'சாக் ஓர் பென்சில்?' என்று குரலை ஏற்றி இறக்கிக் கேளுங்கள். எதைச் சொல்கிறதோ அது குழந்தையின் கைக்குப் போகும். 'எஸ்' என்று சொன்னால் எதுவும் கிடைக்காது. இரண்டாம் நாளே குழந்தைகள் தங்களுக்குள் 'ரெட் ஓர் புளூ?' என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். 'அல்லது' என்ற சொல்லை நாம் உச்சரிக்கவே தேவையிருக்காது.

நான் மிக அதிக நேரம் செலவிடுவது எதிர்மறையோடு வரும் 'ஓர்' மீது. அறிவியல் ஆய்வகத்தில் ஒட்டப்படும் விதிகளில் 'டூ நாட் டேஸ்ட் ஓர் ஸ்மெல் எனி கெமிக்கல்' என்பதும் ஒன்று. எட்டாம் வகுப்பில் இதைப் பொருள் சொல்லச் சொன்னேன். ஒரு மாணவன் எழுந்து, 'வேதிப்பொருளைச் சுவைக்க அல்லது முகரக் கூடாது' என்றான். சொல்லுக்குச் சொல் சரி. 'அப்படின்னா என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?' என்று கேட்டேன். 'ரெண்டுல ஏதாவது ஒண்ணு செய்யக் கூடாது மிஸ். இன்னொண்ணு பரவாயில்ல' என்றான். அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. 'அல்லது' என்றால் இரண்டில் ஒன்று என்று நாம்தான் மூன்றாம் வகுப்பிலிருந்து சொல்லிவந்திருக்கிறோம், அதை அவன் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

'நாட்', 'நெவர்', 'நோ', 'வித்தவுட்' போன்ற சொற்களுக்குப் பின்னால் 'ஓர்' வந்தால் அது இரண்டையும் மறுக்கும். தமிழில் அதற்கு 'உம்' வேண்டும்: சுவைக்கவும் கூடாது, முகரவும் கூடாது. சில மாத்திரை அட்டைகளில் 'டூ நாட் கிரஷ் ஓர் செவ்' என்று அச்சிட்டிருப்பார்கள். பொடிக்கவும் கூடாது, மெல்லவும் கூடாது, முழுதாக விழுங்க வேண்டும். மருந்து மெல்ல மெல்ல உடலில் இறங்கும்படி செய்யப்பட்ட மாத்திரைகள் அவை. உடைத்தால் முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நம் எட்டாம் வகுப்பு மாணவனாக இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. தாத்தாவுக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துத் தரலாமா என்று பாட்டி கேட்பது அவனிடம்தான்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறப்பிடம் என்று அடுக்கி, 'ஓர் எனி ஆஃப் தெம்' என்று முடிகிறது. முன்னால் 'ஷல் நாட்' நிற்கிறது. எனவே இவற்றில் எதைக் காரணம் காட்டியும் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்று பொருள். 'எதையும்' என்ற 'உம்' இங்கேயும் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இதன் மறுபக்கம் எழுத்தில் தெரியும். 'டீயும் பிடிக்காது, காபியும் பிடிக்காது' என்று மனத்தில் நினைக்கும் மாணவி 'உம்'முக்கு இணையாக 'அண்ட்' போடுகிறாள்: 'ஐ டோன்ட் லைக் டீ அண்ட் காஃபி.' கேட்பவருக்குப் புரிந்துவிடும் என்றாலும் இங்கு வழக்கம் 'ஓர்' என்பதே. 'அண்ட்' வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாலை அறிவிப்பே போதும்: 'டோன்ட் டிரிங்க் அண்ட் டிரைவ்.' இது தடுப்பது இரண்டும் சேர்வதை மட்டுமே. மது அருந்தாதவர் தாராளமாக வண்டி ஓட்டலாம். அங்கே 'அண்ட்'டை அழித்துவிட்டு 'ஓர்' என்று எழுதிப் பாருங்கள், நெடுஞ்சாலையில் ஒரு வண்டியும் ஓடக் கூடாது என்றாகிவிடும். ஒன்பதாம் வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆகும். பிறகு மறக்க மாட்டார்கள்.

'நைதர்... நோர்' இணையும் இங்கேயே வந்துவிடுகிறது. 'உம்... உம்... இல்லை' என்பதன் நேர் உருவம் அது. மறுப்பு 'நைதர்' என்பதற்குள்ளேயே இருப்பதால் கூடவே இன்னொரு 'நாட்' போட வேண்டாம் என்று ஒரு வரி சொன்னால் போதும்.

எச்சரிக்கைப் பொருளில் வரும் 'ஓர்' பத்தாம் வகுப்பில் முக்கியமாகிறது. வாக்கிய மாற்றப் பயிற்சியில் 'யூ மஸ்ட் ஹரி ஓர் யூ வில் மிஸ் த பஸ்' போன்ற கூட்டு வாக்கியத்தைக் கொடுத்து, கலவை வாக்கியமாக மாற்றச் சொல்கிறோம். 'ஓர்' என்பதை 'அல்லது' என்று மட்டும் அறிந்த மாணவனுக்கு இந்த வாக்கியம் 'நீ விரைய வேண்டும் அல்லது பேருந்தைத் தவறவிடுவாய்' என்று ஏதோ இரண்டு வாய்ப்புகளைச் சொல்வதுபோல் இருக்கிறது. அதற்கும் 'அன்லெஸ்'ஸுக்கும் என்ன உறவு என்று அவனுக்கு எப்படிப் புரியும்? வாய்பாடாக மனப்பாடம் செய்கிறான், தேர்வு அறையில் 'அன்லெஸ் யூ ஹரி ஓர் யூ வில் மிஸ் த பஸ்' என்று இரண்டையும் போட்டுவிடுகிறான்.

இதற்கு நான் கையாளும் வழி, வாக்கியத்தைப் பேச்சுத் தமிழில் சொல்லச் சொல்வது. 'சீக்கிரம் போகணும், இல்லேன்னா பஸ் போயிடும்.' அந்த 'இல்லேன்னா'வைக் கரும்பலகையில் எழுதி வட்டமிடுகிறேன். 'இல்லை' என்பதும் 'என்றால்' என்பதும் சேர்ந்தது அது. 'என்றால்' என்பது 'இஃப்', 'இல்லை' என்பது 'நாட்'. 'இஃப்' உம் 'நாட்' உம் சேர்ந்ததே 'அன்லெஸ்'. ஆக 'ஓர்', 'இஃப்... நாட்', 'அன்லெஸ்' மூன்றும் ஒரே 'இல்லேன்னா'வின் மூன்று உடைகள். ஒன்றைப் போட்டால் மற்றதைக் கழற்ற வேண்டும். இப்படிச் சொல்லிக் கொடுத்த பிறகு இரண்டையும் சேர்த்து எழுதுவது வெகுவாகக் குறைந்திருக்கிறது. 'இன் த ஈவென்ட் ஆஃப் நாட்' என்று தொடங்கும் தனி வாக்கியத்துக்கும் அந்த 'இல்லை'யே கை கொடுக்கிறது.

ஆங்கில வழிப் பிரிவில் அறிவியல் எடுப்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். 'த விண்ட்பைப், ஓர் டிரக்கியா' என்று புத்தகத்தில் வந்தால் அது இரண்டு உறுப்புகள் என்று எண்ணிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே 'ஓர்' தேர்வு எதையும் கேட்கவில்லை, 'அதாவது' என்கிறது. மூச்சுக்குழலுக்கு எளிய பெயர் ஒன்று, துறைப்பெயர் ஒன்று. இப்படி மறுபெயர் சொல்லும் இடத்தில் 'ஓர்' என்பதற்கு முன்னால் பெரும்பாலும் காற்புள்ளி இருக்கும். அதைச் சுட்டிக் காட்டினால் போதும். படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்லும்போது விண்ட்பைப்புக்கு ஒரு கோடு, டிரக்கியாவுக்கு வேறொரு கோடு போடும் மாணவனைக் குறை சொல்ல முடியாது.

காற்புள்ளி என்றதும் அமெரிக்காவில் நடந்த வழக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. மெய்ன் மாநிலத்தில் உணவுப் பொருள் தொடர்பான சில வேலைகளுக்கு மிகைநேர ஊதியம் கிடையாது என்று சட்டம் இருந்தது. உலர்த்துதல், சேமித்தல் என்று வேலைகளை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஓர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடித்திருந்தார்கள். 'ஷிப்மென்ட்' என்பதை அடுத்துக் காற்புள்ளி இல்லை. பால் நிறுவனம் ஒன்றின் வண்டி ஓட்டுநர்கள் நீதிமன்றம் போனார்கள். அனுப்புவதற்காகவோ விநியோகத்துக்காகவோ கட்டுவது என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட வேலை, நாங்கள் எதையும் கட்டுவதில்லை, விநியோகம் மட்டுமே செய்கிறோம், ஆகவே எங்களுக்கு மிகைநேர ஊதியம் உண்டு என்பது அவர்கள் வாதம். கட்டுவது ஒரு வேலை, விநியோகம் தனி வேலை என்றது நிறுவனம். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் நின்றது. அடுத்த ஆண்டு 50 லட்சம் டாலருக்கு நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. 'ஓர்' எதை எதோடு இணைக்கிறது என்று அடிக்கோடிடச் சொன்னால் 'எதுக்கு மிஸ் இதெல்லாம்?' என்று கேட்கும் பத்தாம் வகுப்புக்கு இந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம்.

'ஐதர்... ஓர்' இணைக்கு வினைப் பொருத்தம்தான் தலைவலி. 'ஆவது... ஆவது' என்று பொருள் சொன்னதும் மாணவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. 'மாணவர்களாவது ஆசிரியராவது சாவி வைத்திருக்க வேண்டும்' என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஹேவ்' வருமா, 'ஹேஸ்' வருமா? வினைக்கு அருகில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். 'ஐதர் த ஸ்டூடன்ட்ஸ் ஓர் த டீச்சர் ஹேஸ் த கீ.' இடம் மாறினால் 'ஐதர் த டீச்சர் ஓர் த ஸ்டூடன்ட்ஸ் ஹேவ் த கீ.' இரண்டாவதே காதுக்கு இயல்பாக இருக்கிறது. பன்மையைக் கடைசியில் வையுங்கள் என்று நான் சொல்லிக் கொடுப்பது அதனால்தான். இலக்கண நூல் வற்புறுத்தாத அறிவுரை அது. 'ஐதர்' என்பதா 'ஈதர்' என்பதா என்று வரும் சண்டைக்கு வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டாம், இரண்டும் வழக்கில் உள்ளவை.

தோராயத்தைச் சொல்லும்போது தமிழ் இணைப்புச் சொல்லையே விட்டுவிடுகிறது: நாலஞ்சு, ஓரிரு. அதே பழக்கத்தில்தான் 'டூ த்ரீ டேஸ்' என்று விடுப்பு விண்ணப்பத்தில் எழுதுகிறோம், பெரியவர்கள் உட்பட. 'டூ ஓர் த்ரீ டேஸ்' என்பதே ஆங்கில வழக்கு. விண்ணப்பத்தில் தோராய நாள் எழுதலாமா என்பது தலைமையாசிரியரைக் கேட்க வேண்டிய கேள்வி.

கடைசியாக, நம் வகுப்பறைக்கு வெளியே நடக்கும் ஒரு குழப்பம். இதில் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் வேறுபாடு இல்லை, பாடத்துக்குப் பாடம்தான் வேறுபாடு. வினாத்தாளில் இரண்டு வினாக்களுக்கு நடுவே 'அல்லது' என்று அச்சிட்டிருந்தால் ஒன்றுக்கு மட்டும் விடை எழுத வேண்டும். இரண்டையும் எழுதும் மாணவனுக்கு நேரம்தான் வீண். அதே மாணவன் அதே வாரத்தில் கணிதத் தேர்வில் உட்கார்கிறான். 52 சீட்டுகளிலிருந்து ஒன்றை எடுக்கும்போது அது இராசா அல்லது ஹார்ட் சீட்டாக இருக்க நிகழ்தகவு என்ன? இராசா 4, ஹார்ட் 13, இரண்டுமாக இருப்பது 1. நான்கையும் பதின்மூன்றையும் கூட்டி ஒன்றைக் கழித்தால் 16, விடை 16/52, சுருக்கினால் 4/13. ஹார்ட் இராசாவும் கணக்கில் உண்டு, ஒரே ஒரு தடவை. வினாத்தாளின் 'அல்லது' வழியாகப் பார்க்கும் பிள்ளை, இரண்டுமாக இருக்கும் அந்தச் சீட்டை முழுதாக வெளியே தள்ளிவிட்டு 15 என்கிறது.

எங்கள் பள்ளியில் கணித ஆசிரியை நிகழ்தகவு தொடங்கும் முதல் நாள் என்னிடம் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்வார். 'அப்பா அல்லது அம்மா கையெழுத்து' என்று முன்னேற்ற அறிக்கையில் இருந்தால் இருவரும் கையெழுத்திட்டு வந்தவனைத் திருப்பி அனுப்புவோமா என்று வகுப்பைக் கேட்பேன். மாட்டோம் என்பார்கள். விருந்தில் 'ஐஸ்கிரீம் அல்லது பாயசம்' என்று சொன்னால் இரண்டையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பேன். அங்கே ஒரு சண்டை நடக்கும். சண்டை முடிவதற்குள் அவர் சீட்டுக்கட்டோடு உள்ளே வந்துவிடுவார்.